அந்தத் தரையை மூடிவிடாதீர்கள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் எங்கள் வீடு. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி உள்ள பழைய கட்டடம். வாசல் முகப்பில் 1938 என்று போட்டிருக்கிறது. கணவரின் தாத்தா கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்தபோது வாடகைக்குப் பிடித்த ஃப்ளாட் இது, மேல்மாடியில். பிறகு குடியிருப்பவர்கள் சேர்ந்து கூட்டுறவு சொசைட்டி ஆனபோது சொந்தமானது. இத்தனை வருடம் நாங்கள் வாஷியில் இருந்தோம். மாமனார் காலமான பிறகு மாமியாரைத் தனியாக விட மனமில்லை. நான்கு வயது மகளோடு அங்கேயே குடிபோகிறோம்.

வீடு ரொம்பவும் பழசாகிவிட்டது. ஹாலில் பூப்போட்ட டைல்ஸ், அங்கங்கே உடைந்திருக்கிறது. தேக்கு ஜன்னல்கள் மழைக்காலத்தில் மூட மாட்டேன் என்கின்றன. பாத்ரூம் கீழ்வீட்டுக்குக் கசிகிறது. கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, பழைய டைல்ஸ் மேலேயே விட்ரிஃபைட் டைல்ஸ், அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், பாத்ரூமுக்குப் புது டைல்ஸ், சமையலறைச் சுவரை எடுத்து ஓப்பன் கிச்சன் என்கிறார். 45 நாளில் முடிப்பாராம். பழைய அழகு போகக் கூடாது என்று எனக்கு ஆசை. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தெரியவில்லை. கையில் இருக்கும் பணமும் அளவானதுதான். பின்பக்கம் ஓர் இரும்புச் சுழல் படிக்கட்டு பூட்டிக் கிடக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது. அதைப் பால்கனித் தோட்டமாக்கலாமா? மாமியார் எதற்கும் குறுக்கே பேசவில்லை. “ஊஞ்சலை எங்கே மாட்டுவீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

பதில்: கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போது கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால், ஒரு மாதம் கழித்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் சொன்னவற்றில் பாதி வேலை உங்கள் வீட்டுக்குத் தேவையே இல்லை. ஒன்று ஆபத்தானது. கட்டாயம் செய்ய வேண்டிய சில வேலைகள் அவர் பட்டியலிலேயே இல்லை.

தாதர், மாட்டுங்கா, வடாலா வட்டாரத்துப் பழைய வீடுகளில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்த்துவருகிறேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். கண்ணுக்குத் தெரிகிற தரை, கதவு, ஜன்னல் எல்லாம் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும் நிலையில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பைப், வயர், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி இவைதான் கெட்டுப்போயிருக்கும். வேலை என்று வந்தால் நாம் தெரிவதை உடைத்துப் போட்டுவிட்டு, தெரியாததை அப்படியே மூடிவிடுகிறோம். உங்கள் வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நீங்கள் கேட்ட பழைய அழகு அதனால்தான் மிஞ்சும், செலவும் அதனால்தான் கட்டுக்குள் நிற்கும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். முதலாவது, கட்டடம் ரீடெவலப்மென்டுக்கு, அதாவது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்குப் போகிறதா? உங்கள் வட்டாரத்தில் இந்தப் பேச்சு இல்லாத சொசைட்டி குறைவு. செக்ரட்டரியிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாது. கடைசி இரண்டு மூன்று பொதுக்குழுக் கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். பில்டர் யாரிடமிருந்தாவது கடிதம் வந்து, அதை விவாதிக்கவும் ஆரம்பித்திருந்தால், வயரிங், பாத்ரூம், பெயின்ட் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல், பித்தளைச் சாமான்களுக்குச் செலவழிப்பது அப்போதும் வீணாகாது, அவற்றை எங்கே போனாலும் கொண்டுபோகலாம்.

இரண்டாவது, ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது. முப்பது வருடத்தைத் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்ய வேண்டும் என்று மகாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரி பைலாவிலேயே (விதித்தொகுப்பிலேயே) இருக்கிறது. கடைசி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது பழையதாக இருந்தாலும், உங்கள் ஃப்ளாட்டை மட்டும் பார்த்துச் சொல்ல மாநகராட்சியில் பதிவுபெற்ற ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரை வரவழையுங்கள். இந்த ஃபீஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, தரைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் “பூப்போட்ட டைல்ஸ்” என்ற வார்த்தையைப் படித்ததுமே எனக்குப் பதற்றம் வந்துவிட்டது.

1938 என்பதை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் சிமென்ட் டைல்ஸ். சூளையில் சுடாதது. இரும்பு அச்சுக்குள் பித்தளைத் தகடுகளால் ஆன பூ வடிவத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறமாக வெள்ளை சிமென்ட், பளிங்குப் பொடி, நிறப்பொடி கலந்த குழம்பை ஊற்றுவார்கள். தகட்டை மெல்ல உருவியெடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் போட்டு, பிரஸ்ஸில் அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். ஒவ்வொரு டைலும் ஓர் ஆள் நின்று கையால் செய்தது. இரண்டை அருகருகே வைத்து உற்றுப் பாருங்கள், இதழின் ஓரம் ஒன்றில் இருப்பதுபோல் மற்றொன்றில் இருக்காது. முதலில் இந்த டைல்ஸ் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. சுதேசி உணர்வு ஓங்கியிருந்த காலத்தில், 1922-ல், மும்பையிலேயே பாரத் டைல்ஸ் தொடங்கியது. அவர்கள் இன்றும் செய்கிறார்கள். உங்களுடையது யார் செய்தது என்று பார்க்க வேண்டுமென்றால், எடுக்கிற டைலின் அடிப்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். சில கம்பெனிகள் அங்கே பெயரைப் பதித்திருப்பார்கள்.

நிறம் இருப்பது மேலே உள்ள சில மில்லிமீட்டர் அடுக்கில் மட்டும்தான். அதனால் இரண்டு விஷயம் அதற்கு ஆகாது. ஒன்று ஆசிட். வேலை முடித்துப் போகும்போது சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது இங்கே சர்வசாதாரணம். நான் தொழிலுக்கு வந்த புதிதில், வடாலாவில் ஒரு வீட்டில், நான் மாலையில் போய்ச் சேர்வதற்குள் கழுவி முடித்திருந்தார்கள். சிவப்பும் கறுப்புமாக இருந்த தரை சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. கீழே உட்கார்ந்து தரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கூட்டியே சொல்லிவைக்காதது என் தப்பு. இன்றைக்கும் எந்த வேலையை ஆரம்பித்தாலும் முதல் நாளே வீட்டிலிருக்கும் ஆசிட் பாட்டிலை வெளியே அனுப்பிவிடுகிறேன். நீங்கள் எலுமிச்சை, வினிகர்கூடத் தரைக்குப் போடாதீர்கள். உடைந்த துண்டு ஒன்றின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாக நுரைக்கும். அரிப்பது அப்படித்தான்.

ஆகாத இன்னொன்று, மார்பிளுக்குப் போடும் கரடான கல் வைத்த பாலிஷ் மெஷின். அரை மணியில் பூவே தேய்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு, மெல்லிய பிரஷ் இவற்றை வைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பாதி அழுக்கு வருடக்கணக்கில் பூசிய மெழுகுதான், அது இதிலேயே வந்துவிடும். அதற்குமேல் வேண்டுமென்றால் 400-க்கு மேற்பட்ட கிரிட் எண் உள்ள நைஸான டைமண்ட் பேடை வைத்து லேசாகத் தேய்க்கச் சொல்லி, நன்றாக உலர்ந்த பிறகு, உள்ளே ஊறுகிற வகை சீலர் ஒரு கோட் கொடுங்கள். மேலே படலமாக நிற்கும் பளபளப்பு லேக்கர் வேண்டாம். அடியிலிருந்து வருகிற ஈரம் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

உடைந்தவற்றுக்கு எங்கே போவது? உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பீரோவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், ஸ்டோர் ரூமில் அதே டைல்ஸ் முழுசாக இருக்கும். அவற்றை எடுத்து ஹாலில் போட்டுவிட்டு, பீரோ அடியில் சாதாரண சிமென்ட் பூசிவிடுங்கள். சுண்ணாம்புக் கலவையில் பதித்திருந்தால், மெல்லிய உளியால் நான்கு ஓரத்தையும் விடுவித்து முழுசாகவே எடுத்துவிடலாம். சிமென்ட்டில் பதித்திருந்தால் சில உடையும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு எடுங்கள். அப்படியும் போதாவிட்டால் அதே டிசைனைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், நேரம் பிடிக்கும். நம் ஊர்ப் பாசத்தில் ஆத்தங்குடிக் கல்லை வாங்கி இடையிடையே சொருகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆத்தங்குடி கண்ணாடிமேல் ஊற்றிச் செய்வது, அதன் மினுமினுப்பே வேறு. பிரஸ்ஸில் செய்த டைலுக்கு நடுவில் அது ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். பால்கனிக்குத் தனியாகப் போடுங்கள், அழகாக இருக்கும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு மேலேயே விட்ரிஃபைட் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் பாருங்கள். நூறு சதுர அடி அறைக்கு 40 மில்லிமீட்டர் சிமென்ட் கலவையே சுமார் முக்கால் டன். டைல்ஸ் இன்னொரு இருநூறு கிலோ. ஆக ஒரு சின்ன அறைக்கே கிட்டத்தட்ட ஒரு டன் ஏறுகிறது. குடியிருப்புத் தளத்துக்கு, ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து, சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் என்ஜினீயர்கள் கணக்கு வைப்பார்கள். அதில் பாதியைத் தரையே தின்றுவிடும். கலவை இல்லாமல் பசை வைத்து ஒட்டுகிறோம் என்பார் உங்கள் கான்ட்ராக்டர். சுமை குறையும், வாஸ்தவம். ஆனால் எண்பது வருடத் தரை அந்தப் பசைக்கு அடியில் போய்விடும். பிற்பாடு யாராவது மேல் டைலைப் பெயர்த்தால் நிறமும் அதோடு உரிந்து வந்துவிடும்.

வேலை நடக்கும்போது தரையின்மேல் பிளாஸ்டிக் விரித்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுவார்கள். புதுத் தரைக்கு அது சரி. உங்களுடையதற்குத் தடித்த அட்டையும் அதன்மேல் பிளைவுட்டும் போடச் சொல்லுங்கள், ஈரம் மூச்சுவிட வழியிருக்கும்.

இப்போது தலைக்கு மேலே. நீங்கள் மேல்மாடி, அதற்குமேல் மொட்டை மாடி. கடல் காற்றும், வருடத்துக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையும் நேராக உங்கள் ஸ்லாபில்தான், அதாவது கான்கிரீட் கூரையில்தான் இறங்குகின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. பல பத்தாண்டுகளில் காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் கேட்கும். அதனால்தான் பீம் ஓரமாக நீளக் கோடாக விரிசல் விட்டு, காரை பெயர்ந்து விழுகிறது. என்ஜினீயர் ஓர் இடத்தில் லேசாகக் கொத்தி, காரம் பட்டால் நிறம் மாறும் ஃபீனால்ஃப்தலீன் திரவத்தைத் தெளிப்பார், பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கான்கிரீட் உடனே ரோஜா நிறமாகும். காரம் போன இடம் சாம்பலாகவே இருக்கும். அந்தச் சாம்பல் கம்பி வரை போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஃபால்ஸ் சீலிங்கை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். பத்தரை அடி உயரத்தை ஒன்பதடியாக்கிப் புழுக்கத்தைக் கூட்டுவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், உங்கள் ஸ்லாபை நீங்கள் தினமும் பார்க்க முடிய வேண்டும். தாதரில் ஒரு வீட்டில் பழைய ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றினோம். உள்ளங்கை அகலக் கான்கிரீட் துண்டுகள் அதன்மேல் கிடந்தன. அதற்கு நேர் கீழே குழந்தையின் கட்டில் இருந்தது. உங்களுக்கும் நான்கு வயதுப் பெண் இருக்கிறாள்.

மொட்டை மாடிக் கசிவு சொசைட்டியின் பொறுப்பு, அவர்கள் செலவில்தான் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மேலே சரிசெய்யாமல் நீங்கள் உள்ளே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் ஓதம் உள்ளேயே தங்கி, இரண்டு மழையில் கொப்புளமாக உரிந்து வரும்.

உங்கள் மாமியாரின் ஊஞ்சலும் இங்கேதான் வருகிறது. ஹாலில் கொக்கிகள் இருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். அவை அநேகமாக வார்ப்பின்போதே உள்ளே மாட்டியவை. நான்கு பேர் உட்கார்ந்தால், பலகை சங்கிலியோடு முந்நூறு கிலோ என்று வையுங்கள். குழந்தைகள் உந்தி ஆடும்போது இழுவை அதைப்போல ஒன்றரை மடங்கு வரை போகும், அதுவும் முன்னும் பின்னுமாக. கொக்கியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறதா, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறதா என்று என்ஜினீயர் பார்க்கட்டும். நன்றாக இருந்தால் சுரண்டித் துருத் தடுப்பு பூசி, பழைய சங்கிலியிலேயே மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்லாபில் துளைபோட்டு ஆங்கர் போல்ட் அடிப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், எண்பது வருடக் கான்கிரீட்டை நம்பி அதைச் செய்ய முடியாது. தரையில் நிற்கும் தேக்குச் சட்டமோ இரும்புச் சட்டமோ செய்து, அதே பலகையை அதில் தொங்கவிடலாம். ஜன்னல் ஓரமாக, சாலை மரங்கள் தெரிகிற பக்கம் வையுங்கள். மாமியாரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், வேலை முடியும் வரை அவர் காத்திருக்க வேண்டாம்.

ஜன்னல்களைப் பற்றி. 1896-ல் பிளேக் வந்து இந்த நகரத்தைக் குலைத்துப்போட்டது. நெருக்கியடித்த, காற்றில்லாத வீடுகளே காரணம் என்று அப்போது நினைத்தார்கள். நகரத்தைச் சீரமைக்க 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு உருவானது. தாதரும் மாட்டுங்காவும் அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவானவை. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே இடம் விட்டு, உயரத்துக்கு வரம்பு வைத்து, நடுவில் தோட்டங்கள் போட்டார்கள். அதாவது உங்கள் பேட்டையே காற்றுக்காகப் போட்ட பேட்டை. உங்கள் ஜன்னல் இரண்டு கதவையும் விரித்தால் முழுசாகத் திறக்கும். மேலே இருக்கும் வென்டிலேட்டர் சூடான காற்றை வெளியேற்றும். ஸ்லைடிங் எப்படிப் போட்டாலும் பாதிதான் திறக்கும், வென்டிலேட்டரும் போய்விடும்.

அவை மூட மாட்டேன் என்பதற்குப் பாதிக் காரணம் பெயின்ட். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கோட் என்று ஓரங்களில் தடித்துப் போயிருக்கும். ஆசாரி நேராக இழைப்புளியை எடுத்தால் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் இழைத்த ஜன்னலில் கோடையில் விரல் போகும் இடைவெளி விழும். மார்ச், ஏப்ரலில், மரம் காய்ந்திருக்கும்போது, முதலில் பெயின்டை மட்டும் எடுத்து, கீல்களின் தேய்ந்த ஆணியை மாற்றி, மாட்டிப் பாருங்கள். பல ஜன்னல்கள் அத்தோடு சரியாகிவிடும். அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தால் அதை மட்டும் வெட்டி, பழைய தேக்கில் ஒட்டுப் போடலாம். இடிக்கிற கட்டடங்களிலிருந்து வரும் பழைய தேக்கு இதற்குக் கிடைக்கும், புதுத் தேக்கு அந்த அளவு முறுகியிருக்காது. ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜாவின் அடியில் ஒரு சின்னக் காடி ஓடுகிறதா பாருங்கள். தண்ணீர் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டட்டும் என்று விட்டது. பெயின்டும் பூச்சும் அதை அடைத்திருக்கும். ஒரு ஆணியை வைத்துச் சுரண்டிவிட்டால் போதும், பாதிச் சாரல் உள்ளே வராது.

பெயின்ட் எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற சட்டமே 2017 நவம்பரில்தான் இங்கே அமலுக்கு வந்தது. ஆகவே ஊதுவிளக்கால் எரித்தோ, உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டோ எடுக்கக் கூடாது. ரிமூவர் ஜெல் தடவிச் சுரண்டட்டும், அல்லது ஈரம் வைத்துத் தேய்க்கட்டும். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அந்த வாரங்களில் குழந்தை அந்த வீட்டுக்குள் வரவே கூடாது. பெயின்டுக்கு அடியில் பர்மா தேக்கு இருந்தால், உள்பக்கத்துக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய பிரெஞ்சு பாலிஷ் போதும். மழை படும் வெளிப்பக்கத்துக்கு அது நிற்காது, எண்ணெய் பாலிஷோ பெயின்டோதான் வேண்டும்.

வயரிங்கில் பழசின்மேல் துளியும் இரக்கம் காட்டாதீர்கள். அந்தக் காலத்து ரப்பர் உறை வயர் எங்காவது மிச்சமிருந்தால், தொட்டாலே உறை பொடியாக உதிரும். எர்த் இருக்காது. மொத்தத்தையும் எடுத்துவிட்டு, விளக்குக்கு 1.5, சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீஸருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வையுங்கள். ஏசி போடுவதாக இருந்தால் மின்சாரம் தரும் பெஸ்ட் நிறுவனத்தில் சேங்ஷன்ட் லோடை, அதாவது உங்களுக்கு அனுமதித்த மின்சுமையைக் கூட்டச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அதை முதல் வாரமே செய்துவிடுங்கள். சுவரைக் கொத்தி வயர் புதைக்க வேண்டாம். பழைய மரப்பட்டி ஓடிய அதே தடத்தில் சுவருக்கு வெளியே கேஸிங் (வயரை மூடும் பட்டி) போட்டு ஓட்டுங்கள். பூச்சு பிழைக்கும், பார்வைக்கும் பழைய வீடாகவே இருக்கும். தூணையும் பீமையும் கொத்த யாரையும் விடாதீர்கள். அந்த உருண்டைப் பித்தளை ஸ்விட்ச்கள் அழகுதான், ஆனால் மின்சாரம் கொடுக்காதீர்கள். அதே உருவத்தில் ஐஎஸ்ஐ முத்திரையோடு புதுசு வருகிறது, லோஹார் சால் எலெக்ட்ரிக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

பாத்ரூமில் உங்கள் கான்ட்ராக்டர் டைல்ஸைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். கசிவது டைல்ஸ் அல்ல. கீழே இருக்கும் கோபாவும் (நீர் இறங்காமல் செங்கல் துண்டு போட்டு நிரப்பிய அடுக்கு), தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப் இணையும் இடமும், உள்ளே துருவடைத்த ஜிஐ இரும்பு பைப்பும்தான். முழுவதையும் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதன் அதிர்வு கீழ்வீட்டுச் சீலிங்கை உதிர்க்கும். உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுக்கட்டும், நாலு நாள் கூட ஆனாலும் சரி. புதிதாக வாட்டர்ப்ரூஃபிங் செய்த பிறகு, டைல்ஸ் போடுவதற்கு முன்பே, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து வையுங்கள். கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் சீலிங்கை அவரையே பார்க்கச் சொல்லுங்கள், பிற்பாடு மனஸ்தாபம் வராது. டாய்லெட் இருக்கும் இடத்தை மட்டும் நகர்த்த வேண்டாம்.

ஓப்பன் கிச்சன்தான் நான் ஆபத்து என்றது. மெல்லிய செங்கல் சுவர்தான், எடுக்கலாம் என்பார்கள். இத்தனை வருடத்தில் ஸ்லாப் கொஞ்சம் தொய்ந்து அந்தச் சுவர்மேல் சாய்ந்திருக்கக் கூடும். எடுத்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை. தவிரவும் தினம் தாளிக்கிற சமையல் நம்முடையது. கதவுக்கு மேல்பாதியில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஹாலும் தெரியும், வெளிச்சமும் வரும். கறுப்புக் கடப்பா மேடை இருந்தால் அதை மாற்றாதீர்கள். கழுவி, லேசாக எண்ணெய் தடவினால் புதிதாகிவிடும்.

அந்தச் சுழல் படிக்கட்டைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மும்பையின் பழைய கட்டடங்களில் அதைப் பின்பக்கம் வைத்தது, கழிவறை சுத்தம் செய்கிறவர்கள் வீட்டுக்குள் நுழையாமல் வெளியிலேயே வந்து போவதற்காக. உங்கள் மகள் பெரியவளாகி ஏன் என்று கேட்டால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். அலங்காரமாக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர அது சொசைட்டியின் பொதுச் சொத்து, அவசரத்துக்கு வெளியேறும் வழியும்கூட. தொட்டி வைத்து அடைக்காதீர்கள், பூட்டைத் திறந்து துடைத்து வையுங்கள்.

அனுமதி விஷயம் சிக்கலில்லை. பூச்சு, பெயின்ட், தரை, ஜன்னல் பழுது எல்லாம் சாதாரண ரிப்பேர் கணக்கில் வரும், சொசைட்டியின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) போதும். சுவரை எடுப்பதோ உள்ளமைப்பை மாற்றுவதோ அப்படியல்ல. இடிபாடுகளை ரோட்டோரம் கொட்டாமல், மாநகராட்சியின் டெப்ரிஸ் ஆன் கால் சேவைக்குப் பணம் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் அளவானது என்றீர்கள். விட்ரிஃபைட், அலுமினியம், ஃபால்ஸ் சீலிங், சுவர் இடிப்பு நான்கையும் எடுத்துவிட்டால் அவர் கொடுத்த எஸ்டிமேட் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அதை முதலில் ஸ்லாப், பீம் பழுதுக்கு ஒதுக்குங்கள். அடுத்து பாத்ரூம், வயரிங். மிஞ்சுவதில் ஜன்னல்களை ஹாலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் செய்யலாம், எல்லாம் ஒரே வருடத்தில் முடிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 45 நாள் கணக்கை மறந்துவிடுங்கள், நான்கு மாதம் வையுங்கள். ஜன்னலும் வெளிப்பூச்சும் மே மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும், ஜூனில் மழை வந்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். மாமியாரோடு ஒவ்வோர் அறையாகப் போய், எந்த மழைக்கு எந்தச் சுவர் ஓதம் எடுத்தது, எந்த பைப்பை எப்போது மாற்றினார்கள், ஊஞ்சலைக் கடைசியாக எப்போது கழற்றினார்கள் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் அறைவாரியாக எழுதிக்கொண்டு, என்ஜினீயர் வருகிற அன்று அதை அவர் கையில் கொடுங்கள். சுத்தியலால் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.